நீச்சல் தெரிந்த பிள்ளையை ஆற்றுக்குத் தனியே அனுப்பலாமா?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி பாசனத்துக்குத் திறக்கப்படும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் முறை. மூன்று நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர்ந்தது. குறுவைக்குக் காத்திருந்த விவசாயிகளுக்கு நல்ல சேதிதான். ஆனால் அது கோடை விடுமுறைக் காலமும்கூட. நேற்றுவரை கிரிக்கெட் ஆடிய மணலில் இன்று இடுப்பளவு தண்ணீர் ஓடும், உள்ளூரில் ஒரு சொட்டு மழை பெய்திருக்காது. பதினைந்து வயதுப் பையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “பசங்களோட ஆத்துக்குப் போயிட்டு வரேம்மா” என்று வாசலில் நிற்பான். அனுப்புவதா, வேண்டாமா?

“எங்க காலத்துல யார் காவலுக்கு வந்தா?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கொஞ்சம் யோசித்தால், காவல் இருந்தது என்பது தெரியும். கிணற்றில் பிள்ளைகள் குதித்தபோது அடுத்த வயலில் நாலு பேர் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். படித்துறையில் பெண்கள் துணி துவைத்தார்கள். கூச்சல் கேட்டால் ஓடிவர ஆள் இருந்தது. இன்று குழாய் வீட்டுக்குள் வந்துவிட்டது, படித்துறையில் பகலில் ஆளில்லை. அன்றைய பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே சுதந்திரத்தை இன்றைய பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அதைவிட ஆபத்தான ஒன்றைக் கொடுக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் புள்ளிவிவரத்தில் இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் வருகிறார்கள்.

மாறிப்போன ஆறு

தாத்தா நீந்திய ஆறு இன்று இல்லை. மணல் அள்ளிய இடங்களில் ஆற்றுப் படுகை சமமாக இருப்பதில்லை. முழங்கால் அளவில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் ஆளை முழுக்கும் பள்ளத்தில் இறங்கிவிடுவார். மேலே தண்ணீர் ஒரே மட்டமாகத் தெரிவதால் பள்ளம் கண்ணுக்குப் படாது. பள்ளத்தின் விளிம்பும் மணல்தான். பிடித்து ஏற முயன்றால் சரிந்து கையோடு வரும்.

தடுப்பணைக்குக் கீழே இன்னொரு வகை ஆபத்து. மேலிருந்து விழும் தண்ணீர் அடியைக் குடைந்து கசம் உண்டாக்குகிறது. வெள்ளம் பெருகும்போது விழுந்த தண்ணீர் மேலெழுந்து சுவரை நோக்கியே திரும்பி ஓடும். அதில் மாட்டியவர் கரைப்பக்கம் நீந்த நீந்த, அணைப்பக்கம் இழுக்கப்படுவார். அங்கே நீச்சல் திறமை பெரிதாக உதவாது.

2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் ஒரே இடத்தில் உயிரிழந்தார்கள். மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து மூழ்கினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது வெளியூர் ஆறு அல்ல, சொந்த ஊர் ஆறு.

கல்குவாரிக் குட்டைகளில் கரை என்பதே கிடையாது. செங்குத்தான பாறையில் எங்கே கால் வைத்து ஏறுவது? மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சில அடி கீழே சட்டென்று குளிரும். அந்தக் குளிரில் மூச்சு திணறும்.

மூழ்குபவர் கத்துவதில்லை

சினிமாவில் மூழ்குபவர் கையை ஆட்டிக் கத்துவார். நிஜத்தில் வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த ஒரு கணம் மூச்சு எடுக்கவே போதாது, கத்துவது எங்கே? தலை பின்னால் சாய்ந்திருக்கும். கண்கள் எதையும் பார்க்காது. கைகள் ஏணியில் ஏறுவதுபோலத் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூட வந்த பசங்கள் அவன் விளையாடுகிறான் என்று நினைத்துவிடுவார்கள்.

நன்றாக நீந்துகிறவர்களைப் பிடிக்கும் ஆபத்து வேறு: யார் அதிக நேரம் தம் கட்டுவது என்ற போட்டி. இறங்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவார்கள். அப்படிச் செய்வதால் உடலில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, கார்பன் டை ஆக்சைடு மட்டும் குறைகிறது. மூச்சு விடு என்று உடலை நெருக்குவது அந்த வாயுதான். அது குறைந்துவிட்டால் நெருக்கடியே தெரியாமல் மூளைக்கு ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கடியிலேயே நினைவு தப்பும். ஆழம் நெஞ்சளவுதான் என்றாலும் இது நடக்கும்.

தனியாக இருந்தால் செய்யத் தயங்குவதைக் கூட்டமாக இருக்கும்போது செய்துவிடுகிற வயது இது. அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றில், நண்பர்கள் கூட இருந்தபோது பதின்வயதினர் கூடுதல் ஆபத்தை ஏற்றார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆகவே “நாலு பேரோடதானே போறான்” என்ற நிம்மதி பாதிதான் சரி. அந்த நாலு பேரே பாலத்துக் கைப்பிடியில் ஏற்றி டைவ் அடிக்கச் சொல்வார்கள்.

பெரியவர் இருந்தால் போதுமா?

2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்கு வந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவிகள் நால்வர் மாயனூர் அருகே காவிரியில் இறந்தார்கள். ஆசிரியர்களோடு வந்தவர்கள்தான். கரையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் காவல் என்று கணக்கில் எடுக்கக் கூடாது. இடத்தை அறிந்தவராக, கண்ணை எடுக்காதவராக, கையில் கயிறு வைத்திருப்பவராக அவர் இருக்க வேண்டும்.

கயிறு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதைப் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் 2020 ஆகஸ்டில் மூன்று பெண்கள் காட்டினார்கள். நான்கு இளைஞர்கள் ஆழத்தில் சிக்கியதைப் பார்த்து, கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இருவரை இழுத்துக் கரைசேர்த்தார்கள். மற்ற இருவரை எட்ட முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. வேட்டி, கம்பு, மூடிய காலி பிளாஸ்டிக் கேன் எதுவானாலும் வீச வேண்டும், நீட்ட வேண்டும். பயிற்சி இல்லாதவர் பின்னால் குதிக்கக் கூடாது. கரைக்குக் கொண்டுவந்த பிறகு தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் உயிர்போகும் நேரத்தை வீணாக்கும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அழுத்த வேண்டும், ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும். பள்ளியில் ஒரே மதியத்தில் இதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

முற்றிலும் தடுத்துவிடுவது வழி என்று நான் நினைக்கவில்லை. தடுத்தால் ஒளிந்து போவார்கள், எங்கே போனார்கள் என்பதே யாருக்கும் தெரியாது. அதைவிட மோசமான நிலை இல்லை. அனுமதியைப் பிள்ளையின் வயதுக்குக் கொடுக்காமல் இடத்துக்குக் கொடுங்கள். இந்தக் கிணறு, இந்தப் படித்துறை, இந்த நேரம் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் ஒருமுறை பிள்ளையோடு இறங்கி அடியைப் பாருங்கள். தண்ணீர் திறந்த வாரத்தில் அந்த இடத்தையும் விட்டுவிடுங்கள். தடுப்பணைக்குக் கீழே, கல்குவாரியில், மணல் அள்ளிய இடத்தில் எந்த வயதிலும் வேண்டாம், யார் கூட இருந்தாலும் வேண்டாம். அந்தப் பள்ளங்களை அடையாளம் கண்டு எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லி அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள்.