கம்பளிப் பாவைப்பிள்ளையைத் தோய்ப்பது எப்படி?



ஜேர்மனியில் அகதி முகாமை விட்டு இரண்டு பைகளுடன் வீடு மாறிய அந்தக் குளிர்காலத்தில், மேல்மாடியில் வசித்த மூதாட்டி ஒருவர் தன் கையால் தைத்த பாவைப்பிள்ளை ஒன்றை எமது மகளுக்குக் கொடுத்தார். பருத்தித் துணிக்குள் செம்மறி ஆட்டுக் கம்பளி அடைத்த பொம்மை. அதை அணைக்காமல் பிள்ளை உறங்கமாட்டாள். ஒருநாள் அதன்மேல் பால் கொட்டிவிட்டது. நாமும் வழக்கம்போல் 60 பாகையில் சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டோம். வெளியே எடுத்தபோது உடல் கட்டிகட்டியாக இறுகி, தலைமயிர் சடைபிடித்திருந்தது. "அம்மா, இவளுக்கு வருத்தமா?" என்று பிள்ளை கேட்டாள்.

உங்கள் வீட்டிலும் இது நடக்கக்கூடாது என்றே எழுதுகிறோம்.

ஏன் இறுகியது?

ஊரில் நாம் அறிந்தது பருத்தியும் இலவம் பஞ்சும். பருத்தித் துணியை அவிக்கலாம், கல்லில் அடித்துத் தோய்க்கலாம். கம்பளியோ எமது தலைமயிரைப் போன்றது. ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடு, சவர்க்காரம், அலைப்பு மூன்றும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று கொளுவி இறுகிவிடும். பிறகு பிரிக்க முடியாது.

தோய்க்கும் முறை

கம்பளி இலகுவில் அழுக்காகாது. பெரும்பாலும் யன்னலோரம் காற்றாட வைத்து, ஈரத்துணியால் துடைத்தாலே போதும். தோய்த்தே ஆகவேண்டுமானால்:

1. உடுப்புகளைக் கழற்றுங்கள். பிரிந்த தையலை முதலில் தைத்துவிடுங்கள்.

2. தண்ணீர் 30 பாகைக்கு மேல் வேண்டாம். கம்பளிக்கென்று விற்கும் திரவச் சவர்க்காரத்தையே பாவியுங்கள். போத்தலில் 'வொல்லே' என்ற சொல் இருக்கும். சாதாரணத் தூளும் வெளிற்றும் திரவமும் கம்பளியைக் கெடுக்கும்.

3. வெள்ளைத் துணியை நனைத்து மறைவான இடத்தில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

4. நுரையை மட்டும் துணியில் எடுத்து மேற்புறத்தைத் துடையுங்கள். அழுக்கு ஆழமாக இருந்தால் மட்டும் முழுதாக நனைத்து மெல்ல அமத்துங்கள். தேய்க்கவோ முறுக்கவோ வேண்டாம். அதே சூட்டுத் தண்ணீரில் அலசுங்கள்.

5. துவாயில் சுருட்டி அமத்தி ஈரத்தை எடுத்து, கையால் உருவத்தைச் சரிசெய்து, காற்றோட்டமான இடத்தில் படுக்கவைத்துக் காயவிடுங்கள். அறைச் சூடாக்கியின் மேலோ உலர்த்தும் இயந்திரத்திலோ வைக்கவேண்டாம். நனைந்த கம்பளி ஆட்டு வாடை வீசும், காய்ந்ததும் போய்விடும். உள்ளே காய இரண்டு மூன்று நாட்கள் செல்லலாம். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும்.

பூச்சி அரித்தால்

அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும். பொம்மையைப் பிளாஸ்ரிக் பையில் இறுகக் கட்டி, -18 பாகை உறைபெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள்.

பிள்ளையிடம் சொல்லுங்கள்

பொம்மையைக் குளிக்கவார்க்கப் போவதையும், எத்தனை இரவு அது பக்கத்தில் இராது என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். காயும் இடத்தைக் காட்டுங்கள். வீடும் ஊரும் திடீரென்று இல்லாமற்போனதைக் கண்ட பிள்ளைகள் அல்லவா!

அன்று மூதாட்டியிடம் தயங்கித் தயங்கித்தான் போனோம். அவர் கோபிக்கவில்லை. முதுகுத் தையலைப் பிரித்து, இறுகிய கட்டிகளை எடுத்து, புதுக் கம்பளியை மகளின் கையாலேயே அடைக்கவைத்தார். முகம் மட்டும் சற்றுச் சுருங்கியபடியே இருந்தது. "இப்போ சுகமாகிவிட்டாள்" என்றாள் மகள்.