ஒரு நிமிடப் படம்: தோட்டப்பள்ளியில் காணொளிப் பயிற்சி

படிக்க மட்டும் தெரிந்து, எழுதத் தெரியாதவரை எழுத்தறிவு நிரம்பியவர் என்று எவரும் கூறுவதில்லை. ஆயின், அசையும் படங்களைப் பொறுத்தவரை இன்றைய மாணவர் பலர் அந்நிலையிலேயே உள்ளனர். கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் எண்ணற்ற காணொளிகளைக் காண்கின்றனர். அவை எவ்வாறு உருவாகின்றன, எது காட்டப்பட்டது, எது விடப்பட்டது, ஏன் விடப்பட்டது என்று கேட்க அறியார். இக்குறையை நீக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. தொடக்கத்திற்கு ஒரு கைப்பேசியும் ஒரு நிமிடமும் போதும். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலுள்ள சிறு தமிழ்ப்பள்ளிகளுக்கு இப்பயிற்சி எவ்வாறு பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்படம் காட்டிய வழி

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் லூமியே உடன்பிறந்தார் ஒளிப்படப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தனர். 1895-ஆம் ஆண்டில், வேலை முடிந்து வெளிவரும் தொழிலாளரைத் தொழிற்சாலை வாயிலுக்கு எதிரே நின்று படம் பிடித்தனர். அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிசில் கட்டணம் பெற்றுக்கொண்டு காட்டப்பட்ட பத்துப் படங்களுள் இதுவே முதலாவது. படக்கருவி இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. படச்சுருளின் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். ஓடிய நேரம் ஐம்பது விநாடிக்கும் குறைவு. அவ்வளவில் ஒரு தொழிற்சாலையின் ஒரு வேளை முழுவதும் அடங்கிவிட்டது.

நூறாண்டு கழிந்து 1995-இல், பிரான்சின் திரைப்படக் காப்பகமாகிய சினிமாத்தேக் பள்ளி மாணவருக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. திறனாய்வாளர் அலேன் பெர்கலா அதற்கு வழிகாட்டினார். அத்திட்டத்தின் புகழ்பெற்ற பயிற்சிக்கு 'லூமியே நிமிடம்' என்று பெயர். கருவி அசையக்கூடாது, ஒரே நிமிடம், ஒரே ஓட்டம், வெட்டுதலோ ஒட்டுதலோ இல்லை. எங்கே நிற்பது, எப்போது தொடங்குவது என்ற இரண்டையும் மாணவரே முடிவு செய்தல் வேண்டும்.

நம் அண்டைப் பகுதிகளிலும் இவ்வுணர்வு வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டில் திங்கள்தோறும் சிறார் திரைப்படம் காட்டி, மாணவரை அதுபற்றி எழுதவைக்கும் திட்டம் தொடங்கிற்று. கேரளத்தில் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் அமைப்பு, உயர்நிலைப் பள்ளிகளில் படமெடுத்தலையும் படத்தொகுப்பையும் கற்பிக்கிறது. முன்னது பார்க்கக் கற்பிப்பது. பின்னது படைக்கக் கற்பிப்பது. இரண்டும் வேண்டும்.

பார்த்தோரும் படைப்போரும்

மலேசியத் தோட்ட மக்களுக்குத் திரைப்படம் புதிதன்று. மலாயாத் திரைப்படப் பிரிவு 1946-இல் தோன்றியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டந்தோறும் சென்று திடலில் திரை கட்டிப் படம் காட்டின. 1972-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. நோய்ப்பரவலால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தை ஒட்டி, 2021 பிப்ரவரி 17-ஆம் நாள் 'டிடிக் டிவி' வந்தது. இவை அனைத்தும் பயன் தந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும், மூன்று தலைமுறையாகத் தோட்டத்தார் திரைக்கு முன்னே அமர்ந்திருந்தனரே அன்றிக் கருவிக்குப் பின்னே நின்றாரல்லர்.

இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-இல் கண்டு குறித்த இம்மலைப்பகுதியில், 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் மலைச்சரிவுகளைத் தேயிலைக் காடாக்கிய உழைப்பில் தமிழரின் பங்கு பெரிது. இன்று கொழுந்தெடுப்போருள் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர். கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் நகரங்களை நாடிச் செல்கின்றனர். பெரட்டுக்களத்தில் நின்றவர், கூடை சுமந்தவர், ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைத் தூங்கவைத்தவர் ஆகியோர் முதுமை எய்திவிட்டனர். அவர்தம் சொற்களும் நினைவுகளும் ஏட்டில் ஏறியவை சில, ஏறாதவை பல. அவற்றைக் கேட்டுப் பதியத் தக்கவர் அவர்தம் பேரப்பிள்ளைகளே.

முதற் பயிற்சி

முதல் வாரத்தில் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நிமிடப் படம் ஒன்று எடுத்தல் வேண்டும். கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து, மேசை மீதோ செங்கல் மீதோ அசையாமல் நிறுத்துவது நன்று. பள்ளி வாயில், கொழுந்து நிறுக்குமிடம், கோயில் முன்றில், பேருந்து நிற்கும் வளைவு என இடம் எதுவாகவும் இருக்கலாம். எடுப்பதற்கு முன்னர் மாணவர் அவ்விடத்தில் பத்து நிமிடம் சும்மா நின்று பார்த்தல் வேண்டும். இப்பயிற்சியின் பாதிப் பயன் அப்பத்து நிமிடத்தில்தான் உள்ளது.

மலைநாட்டின் இயல்பையும் அறிந்துகொள்ளுதல் நலம். காலைப் பனிமூட்டத்தில் நிழல் கூர்மையாக விழாது. முகங்கள் மென்மையாகத் தெரியும். பிற்பகலில் மழைக்கு அஞ்சவேண்டும். திறந்த சரிவில் காற்றின் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். குளிர்ந்த வெளியிலிருந்து வெப்பமும் ஈரமும் மிகுந்த ஆலைக்குள் சென்றவுடன் கண்ணாடிவில்லையில் நீராவி படியும். சிறிது நேரம் பொறுத்துத் துடைத்த பின்னரே எடுத்தல் வேண்டும். அது ஏன் படிகிறது என்று கேட்டால், அங்கேயே ஓர் அறிவியல் பாடம் நடந்துவிடும்.

எடுத்தவற்றை வகுப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி மூன்று வினாக்களை மட்டும் கேட்கலாம். படத்திற்குள் எது நுழைந்தது? எது வெளியேறிற்று? வெளியே இருந்தும் காணாமற் போனது எது? மூன்றாம் வினாவிற்கு விடை தேடும் மாணவர், எந்தப் படமும் உலகத்தின் ஒரு பகுதியே என்பதைத் தாமே உணர்வர்.

வெட்டுதலும் ஒட்டுதலும்

அடுத்தது படத்தொகுப்பு. 1920-ஆம் ஆண்டை ஒட்டி, உருசிய இயக்குநர் லெவ் குலெசோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகத்தை, ஒருமுறை உணவுக் கிண்ணத்தோடும், மற்றொருமுறை சவப்பெட்டியோடும் இணைத்துக் காட்டினார். முகம் ஒன்றே, பார்த்தோர் முதலில் பசியைக் கண்டனர், பின்னர் துயரத்தைக் கண்டனர்.

இதனைத் தோட்டப்பள்ளியிலும் செய்து பார்க்கலாம். ஒரு தாத்தாவின் அமைதியான முகத்தை அடுத்து ஓடிவரும் பேத்தியை இணைத்தால் அன்பு தோன்றும். அதே முகத்தை அடுத்துப் பூட்டிய வீட்டை இணைத்தால் தனிமை தோன்றும். மாணவர் முதலில் வியப்பர். அவ்வியப்பு அடங்குமுன் ஆசிரியர் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: "தாத்தா உண்மையில் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்?" படத்தால் மெய்யையும் காட்டலாம், பொய்யையும் காட்டலாம் என்பதை இப்பயிற்சி உணர்த்தும்போல் வேறெதுவும் உணர்த்தாது. கைப்பேசியில் வந்ததையெல்லாம் நம்பும் இக்காலத்தில் இவ்வறிவு மாணவருக்கு ஒரு காப்பாகும்.

சேர்த்தலும் தேர்தலும் எத்துணைப் பெரும்பணி என்பதற்குத் தமிழரிடையே சிறந்த சான்று ஏ. கே. செட்டியார். காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் 1937-இல் கப்பற் பயணத்தின்போது அவர் உள்ளத்தில் எழுந்தது. பல நாடுகளுக்கும் சென்று, பலர் பல காலத்தில் எடுத்திருந்த படச்சுருள்களை ஏறத்தாழ ஐம்பதாயிரம் அடி அளவுக்குத் திரட்டி, அவற்றிலிருந்து தேர்ந்து தொகுத்து, தமிழ் விளக்கவுரையோடு 1940-இல் வெளியிட்டார். எடுப்பது பாதி; எதை வைப்பது என்று தேர்வது மறுபாதி என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

தேயிலையே பாடநூல்

மூன்றாம் நிலையில் ஒரு பொருளை விளக்கும் மூன்று நிமிடப் படம் எடுக்கலாம். தோட்ட மாணவருக்குத் தேயிலையைவிட ஏற்ற பொருள் யாது? இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட கொழுந்து ஆலைக்கு வருகிறது. அதனை வாட்டி ஈரத்தைக் குறைக்கின்றனர். உருட்டி இலையின் நுண்ணறைகளைச் சிதைக்கின்றனர். காற்றுப்பட வைத்துச் செம்புநிறம் அடையச் செய்கின்றனர். பின்னர்ச் சூடேற்றி உலர்த்திச் சலிக்கின்றனர். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து தேவைப்படுகிறது.

இதற்கு விளக்கவுரை எழுதும்போதுதான் மொழிப்பயிற்சி முழுமை பெறுகிறது. செம்புநிறம் அடையும் நிலையை வழக்கில் 'புளிக்கவைத்தல்' என்பர். உண்மையில் அங்கு நிகழ்வது நுண்ணுயிரால் ஆகும் நொதித்தல் அன்று. இலைச்சாறு காற்றோடு சேர்ந்து மாறும் ஆக்சிஜனேற்றம் ஆகும். எந்தச் சொல்லை எழுதுவது என்று மாணவர் வாதிடும் அரைமணி நேரம், பத்து இலக்கணப் பயிற்சிகளுக்கு ஈடாகும். உருட்டும் இயந்திரத்தின் ஓசையில் குரல் கேட்காது. ஆதலின் விளக்கவுரையை வகுப்பறையில் தனியே பதிவு செய்தல் வேண்டும். முப்பது விநாடிக் காட்சிக்கு எழுதிய பத்தியைப் படித்துப் பார்த்தால் ஒரு நிமிடம் ஆகும். அப்போது சுருக்கி எழுதும் கலை தானே வந்தடையும்.

பாட்டியின் குரல்

நான்காம் நிலை முதியோரைக் கண்டு பேசுதல். இங்கே வினாவே உயிர். "பாட்டி, அந்தக் காலத்துல ரொம்ப கஷ்டமா?" என்று கேட்டால், "ஆமாம்பா" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். "பாட்டி, மொத நாளு பெரட்டுக்குப் போனீங்களே, அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் ஒரு வாழ்க்கை திறக்கும். விடை சொல்லும்போது குறுக்கிடலாகாது. அவர் பேச்சு நின்ற பின்னரும் ஐந்து விநாடி பொறுத்தல் வேண்டும். சிறந்த செய்தி பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பின்னரே வரும்.

பாட்டி பேசும் தமிழைத் திருத்துவதும் தகாது. பெரட்டு, தண்டல், கிராணி, லயம் முதலிய சொற்கள் தோட்டத்து வரலாற்றைச் சுமந்து நிற்பவை. அவற்றைத் தொகுத்துப் பொருள் எழுதுவது அதே படத்தையொட்டிய எழுத்துப் பணியாகும்.

ஆசிரியர் கடமை

நூற்றைம்பதுக்கும் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளிகளை நம் நாட்டில் குறைந்த மாணவர் பள்ளிகள் என்கின்றனர். அத்தகைய பள்ளியில் ஒரு வகுப்பில் ஆறு பேர் இருப்பதும் உண்டு. இப்பணிக்கு அது குறையன்று. ஒருவர் படமெடுக்க, ஒருவர் ஒலியைக் கவனிக்க, ஒருவர் வினவ, ஒருவர் நேரம் குறிக்க, ஒருவர் காட்சிப் பட்டியல் எழுத, ஒருவர் தொகுக்கலாம். அடுத்த படத்தில் பணிகளை மாற்றவேண்டும். நன்றாகப் பேசும் மாணவரே எப்போதும் பேசுதல் கூடாது.

ஆசிரியர் முதலில் தாமே ஒரு நிமிடப் படம் எடுத்து, அதனை மாணவர் திறனாயக் கொடுத்தல் வேண்டும். அதன்பின் கருவியைத் தொடாதிருத்தல் வேண்டும். போட்டிக்கென எடுக்கப்படும் காணொளிகள் சிலவற்றில் எழுதியவர் ஆசிரியர், எடுத்தவர் ஆசிரியர், தொகுத்தவரும் ஆசிரியர். மனப்பாடம் செய்து ஒப்பித்தவர் மட்டுமே மாணவர். அப்படம் பரிசு பெறலாம். மாணவர் பெற்றது ஒன்றுமில்லை. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பின்னர் வகுப்பறை மதிப்பீட்டுக்கு முதன்மை வந்துள்ளது. படத்தின் பளபளப்பை விடுத்து, மாணவர் வகுத்த திட்டம், கேட்ட வினா, நீக்கிய காட்சிக்குக் கூறிய காரணம் ஆகியவற்றை மதிப்பிடுவதே முறை.

படம் யாருக்கு உரியது?

கனடாவின் கிழக்குக் கடலில் ஃபோகோ என்னும் தீவு உண்டு. மீன்பிடித்து வாழ்ந்த அம்மக்களை வேறிடத்தில் குடியேற்றுவது பற்றி அரசு எண்ணியிருந்தது. 1967-இல் இயக்குநர் காலின் லோ அங்குச் சென்று, மக்கள் தம் நிலையைத் தாமே எடுத்துரைக்கும் குறும்படங்களை உருவாக்கினார். ஒவ்வொரு படத்தையும் அதில் பேசியவருக்கே முதலில் காட்டினார். வேண்டாத பகுதியை நீக்கச் சொல்லும் உரிமை அவர்க்கு இருந்தது. ஓர் ஊரார் மற்றோர் ஊராரின் படத்தைக் கண்டு, தம் துன்பம் பொதுவானது என்றுணர்ந்தனர். மீனவர் கூட்டுறவு வளர்ந்தது, தீவு வெறிச்சோடவில்லை.

தோட்டப்பள்ளிக்கும் இதுவே நெறி. பெற்றோர் இசைவின்றி மாணவர் முகத்தையும், தோட்ட நிருவாகத்தின் இசைவின்றி ஆலையையும் எடுத்தல் கூடாது. பாட்டியின் படத்தைப் பாட்டி முதலில் பார்த்தல் வேண்டும். அவர் வேண்டாம் என்றால் நீக்குதல் வேண்டும். அதன்பின் ஒரு மாலைப்பொழுதில் தோட்டத்தாரைப் பள்ளிக்கு அழைத்துக் காட்டலாம். ஊருக்கெல்லாம் பரப்புவது பற்றிப் பின்னர் எண்ணலாம். ஒவ்வொரு படத்தோடும் பேசியவர் பெயர், இடம், நாள், எடுத்த மாணவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து, இரண்டு படிகளாகப் பள்ளியில் சேமித்து வைத்தல் இன்றியமையாதது.

லியோன் நகரத் தொழிலாளர் வாயிலைக் கடந்து நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் நடந்ததை உலகம் இன்றும் காண்கிறது. ஆயின் அப்படம் ஊமைப்படம். அவர்களின் பெயர் என்ன, அன்று அவர்கள் என்ன பேசிச் சென்றனர் என்பதை அது கூறாது. கேமரன் மலையின் தொழிலாளர்க்கு அந்நிலை வரவேண்டுவதில்லை. பெயரைக் கேட்கவும் குரலைப் பதியவும் அவர்தம் பேரப்பிள்ளைகள் இருக்கின்றனர். கருவியும் கையில் இருக்கிறது. கேட்பதற்குரிய காலந்தான் குறைந்துகொண்டு வருகிறது.