கண் மூலையில் ஒரு குறுகல் சந்து

இராத்திரி திடீரென்று ஒற்றைக் கண்ணில் பொறுக்க முடியாத வலி, பாதி மண்டை பிளக்கிறது, வாந்தி வேறு. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் போல் ஒரு வளையம். வீட்டார் பித்தம் என்கிறார்கள். சுக்குக் கஷாயம் தயாராகிறது. விடிவதற்குள் அந்தக் கண்ணின் பார்வை நிரந்தரமாகக் கெட்டுவிடவும் கூடும்.

கோணம் அடைபடுவதால் வரும் கிளாக்கோமா இது. கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. கருவிழித் திரைக்குப் பின்னால் பிறந்து, கண்மணியின் துவாரம் வழியே முன்புறம் வந்து, அத்திரையும் கார்னியா என்னும் கண்ணாடிப் படலமும் சந்திக்கும் மூலையிலே வடிந்து போகிறது. அந்த மூலை சிலருக்கு இயற்கையாகவே குறுகல் சந்து. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் பருத்துத் திரையை முன்னே தள்ளுகிறது. மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரியும்போது சந்து அடைபட்டுப் போகலாம். ஸ்திரீகளுக்கும், ஐம்பது பிராயம் கடந்தவர்களுக்கும், பிறவியிலேயே தூரப்பார்வை உள்ளவர்களுக்கும் அபாயம் அதிகம்.

இதை முன்கூட்டி அறிய ஊசி, கத்தி எதுவும் வேண்டியதில்லை. வைத்தியர் நெற்றிப்பொட்டின் பக்கமிருந்து டார்ச் விளக்கைக் கண்ணுக்குக் குறுக்காகப் பிடிக்கிறார். திரை தட்டையாயிருந்தால் வெளிச்சம் மூக்கோரம் வரை பரவும். முன்னே உப்பியிருந்தால் அங்கே நிழல் விழும். டார்ச் நம் வீட்டிலும் உண்டே என்று நேயர்கள் உடனே பாட்டியை நாற்காலியில் உட்கார்த்திவிட வேண்டாம்! இந்தச் சோதனை பழகிய கைகளையே ஏமாற்றிவிடும்.

1969-ல் வான் ஹெரிக் முதலியோர் வெளியிட்ட முறை இன்னும் நயமானது. ஸ்லிட் விளக்கின் மெல்லிய ஒளிக்கீற்றை 60 டிகிரி சாய்வில் கருவிழியின் ஓரத்தில் விழச் செய்கிறார்கள். அங்கே கார்னியாவின் கனத்தையும், அதற்கும் திரைக்கும் நடுவேயுள்ள இருண்ட இடைவெளியையும் ஒப்பிடுகிறார்கள். இடைவெளி அந்தக் கனத்தில் கால் பங்கோ அதற்கும் குறைவோ என்றால் சந்தேகம்தான். கண்ணைத் தொடுவதே இல்லை. அரை நிமிஷ வேலை. ஓ.சி.டி. யந்திரமும் தொடாமலே மூலையைப் படம் பிடிக்கிறது. விலைதான் மலைக்க வைக்கிறது. ஆயினும் தீர்ப்புச் சொல்வது கோனியோஸ்கோப்பி: கண்ணை மரக்கச் செய்து, அதன்மேல் ஒரு லென்ஸை வைத்து, மூலையை நேரே பார்ப்பது.

சந்து குறுகல் என்று தெரிந்தால் எல்லோருக்கும் லேஸரால் திரையில் துளையிட்டு விடலாமா? வழக்கு இங்கேதான். வேலூரில் இத்தகைய 50 பேரை ஐந்து வருஷம் கழித்துப் பார்த்ததில் 11 பேருக்குக் கோளாறு அடுத்த படிக்கு முற்றியிருந்ததாக 2003-ல் வெளியிட்டார்கள். சீனாவின் குவாங்சௌ நகரில் 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேஸர் செய்து, மறு கண்ணை விட்டுவைத்து, ஆறு வருஷம் கவனித்தார்கள். 2019-ல் வெளியான கணக்கின்படி, செய்த கண்களில் 19-ம் செய்யாதவற்றில் 36-ம் முற்றின. லேஸரால் பலன் உண்டு. ஆனால் செய்யாத கண்களிலும் பெரும்பாலானவை சுகமாகவே இருந்தன. எல்லோருக்கும் துளையிடுவது அவசியமில்லை என்றே அந்த ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர்.

ஊர் முழுவதையும் வரிசையில் நிறுத்துவது வீண் சிரமமென்றே எனக்கும் தோன்றுகிறது. மூக்குக்கண்ணாடி மாற்றப் போகும் ஐம்பது வயதுக்காரரை அந்த அரை நிமிஷம் பார்ப்பது வேறு விஷயம். உடன்பிறந்தார் எவருக்கேனும் இவ்வியாதி உண்டானால், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே அதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். சில ஜலதோஷ மாத்திரைகளை வாங்கும்போதும் அப்படியே.