மருந்து தெளிக்கும் ஆளுக்கு முதலில் தண்ணீரில் பயிற்சி

கூலி ஆளிடம் கைத்தெளிப்பானைக் கொடுத்து, “பத்து டாங்கு அடித்துவிடப்பா” என்று சொல்லிவிட்டு வரப்பில் நிற்பது நம் வழக்கம். மருந்தின் அளவைச் சொல்லும் நாம், அடிப்பவர் தம்மைக் காத்துக்கொள்ளும் முறையைச் சொல்வதில்லை. 2017-ம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் விஷம் தாக்கி இறந்தனர். செடிகள் ஆளுயரம் வளர்ந்திருந்ததால், தூக்கி அடித்த மருந்து அடித்தவர் மேலேயே விழுந்தது. பலரிடம் கையுறையோ முகமூடியோ இல்லை.

வாயால் சொன்னது மறந்துபோகும். செய்து பார்த்தது மறக்காது. அதற்கு அரை மணி நேரம் போதும்.

தண்ணீர் ஒத்திகை

நன்கு கழுவிய தெளிப்பானில் வெறும் தண்ணீர் நிரப்பி, காற்றை எதிர்த்துச் சிறிது தூரம் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு அவர் உடையைக் காட்டுங்கள். ஈரம் பட்ட இடமெல்லாம் நாளை மருந்து படும் இடம். முதுகு நனைந்திருந்தால் மூடியிலோ வாஷரிலோ ஒழுக்கு உள்ளது. சரிசெய்த பிறகே மருந்து ஊற்ற வேண்டும்.

அடுத்து, சரியான முறை. காற்று போகும் பக்கத்து வரப்பில் தொடங்கி, காற்றுக்குக் குறுக்காக நடந்து அடிக்க வேண்டும். அடித்த செடிகளுக்குள் மீண்டும் புக நேராது.

நிறம் சொல்லும் எச்சரிக்கை

படிக்கத் தெரியாதவருக்கும் புட்டியிலுள்ள நிறக்குறியைக் காட்டலாம். சிவப்பு மிகக் கடும் விஷம். அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் விஷமே.

மறக்கக் கூடாதவை

முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி அணிய வேண்டும். மருந்தைக் குச்சியால் கலக்க வேண்டும், கையால் கூடாது. நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது. வேலைக்கு நடுவே பீடி, வெற்றிலை வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்து உடை மாற்ற வேண்டும்.

மயக்கம் வந்தால்

தலைவலி, தலைசுற்றல், மிகுந்த வியர்வை, எச்சில் ஊறுதல், வாந்தி, கண் மங்கல் ஆகியவை விஷம் ஏறியதன் அறிகுறிகள். உடனே வயலை விட்டு வெளியேற்றி, உடையைக் களைந்து, உடலைச் சோப்பு நீரால் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, மருந்துப் புட்டியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். எந்த மருந்து எனத் தெரிந்தால் டாக்டருக்குச் சிகிச்சை எளிது.

பூச்சி தின்ற பயிரை அடுத்த பட்டத்தில் மீட்கலாம். போன உயிரை மீட்க முடியாது.