பளுவும் சுமையும்: உடலியக்கத்தின் விசைநெறி

உயிர்களின் உடலில் விசைகள் செயற்படும் முறைமையை ஆராயும் துறை உயிர்விசையியல் எனப்படும். தமிழாய்வு இதழில் இதனைப் பற்றி எழுதப் புகுதல் பொருந்துமோ என ஐயுறுவார் சிலர் இருக்கலாம். வலிமை, விசை, பளு, சுமை என்னும் சொற்களை அன்றாட வழக்கில் ஒன்றற்கு ஒன்றாக மாற்றி வழங்குகின்றோம். அறிவியலில் அவ்வாறு வழங்குதல் இயலாது. பொருள் வேறுபாடு விளங்கிய பின்னரே சொல் வேறுபாடு நிலைபெறும். ஆகலின் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் தமிழாசிரியர் முதற்கண் பொருளை உணர்தல் இன்றியமையாததாகின்றது. அவ்வகையில், மனித உடலின் இயக்கத்திற்கு அடிப்படையான நெறி ஒன்றினை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

1. ஏற்றம் உணர்த்தும் நெறி

நிலையான ஒரு புள்ளியைப் பற்றிச் சுழலும் கோல் நெம்புகோல் ஆகும். தாங்குபுள்ளி, பளு, அப்பளுவை எதிர்த்து நிற்கும் விசை என அதன்கண் கருதத்தக்கன மூன்று. மின் எக்கிகள் பரவுமுன் நம் நாட்டுக் கிணறுகளில் இயங்கிய ஏற்றம் இதற்குத் தக்க சான்றாகும். நட்ட காலின்மேல் அமைந்த துலாவின்மீது ஏற்றக்காரர் முன்னும் பின்னும் நடந்தனர். கிணற்றுப் பக்கமாக நடந்தபோது சால் தாழ்ந்தது. எதிர்ப்பக்கமாக நடந்தபோது நீரோடு மேலெழுந்தது. நடந்தவருடைய எடை மாறவில்லை; தாங்குபுள்ளியிலிருந்து அவர் நின்ற தொலைவே மாறிற்று. விசையைத் தொலைவாற் பெருக்கக் கிடைப்பது திருப்புத்திறன் எனப்படும். சாலை உயர்த்தியதும் தாழ்த்தியதும் இத்திருப்புத்திறனின் மிகுதியும் குறைவுமே என்க.

2. முழங்கையும் பொரெல்லியின் கணக்கும்

நம் உடலில் எலும்பே கோல், மூட்டே தாங்குபுள்ளி, தசையின் இழுப்பே விசை. முன்கையைக் கிடையாக நீட்டி 5 கிலோகிராம் பளுவை உள்ளங்கையில் தாங்குவதாகக் கொள்வோம். பளு முழங்கை மூட்டிலிருந்து 36 செ.மீ. தொலைவில் உள்ளது. முன்கையும் கையும் சேர்ந்த எடை 1.5 கிலோகிராம் எனவும், அது மூட்டிலிருந்து 16 செ.மீ. தொலைவிற் செயற்படுவது எனவும் வைத்துக்கொள்வோம். மேற்கையின் இருதலைத் தசையோ மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. தொலைவிலேயே முன்கை எலும்பிற் பொருந்தியுள்ளது. பிற தசைகளின் துணையை ஒதுக்கிக் கணக்கிடின், பளுவின் திருப்புத்திறன் 180, முன்கையினது 24. இவ்விரண்டின் கூட்டுத்தொகையாகிய 204 என்பதை 4 ஆல் வகுக்க 51 வரும். அஃதாவது, 5 கிலோகிராம் பளுவைத் தாங்குதற்குத் தசை 51 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் இழுத்தல் வேண்டும்.

இத்தகைய கணக்கை விரிவாகச் செய்து காட்டியவர் இத்தாலியரான ஜியோவன்னி அல்போன்சோ பொரெல்லி (1608–1679). விலங்குகளின் இயக்கம் பற்றி அவர் இலத்தீனில் இயற்றிய நூல், அவர் மறைந்த பின்னர் 1680, 1681 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. நியூட்டனின் பெருநூல் 1687 இல் வெளிவருதற்கு முன்னரே, தசைகள் தாம் தாங்கும் பளுவினும் பன்மடங்கு மிகுந்த விசையைச் செலுத்துகின்றன என அவர் நிறுவினார்.

இங்ஙனம் அமைந்தது இயற்கையின் குறைபாடோ எனின், அன்று. தசை 1 செ.மீ. சுருங்க, உள்ளங்கை ஏறத்தாழ 9 செ.மீ. நகர்கின்றது. விசையில் இழந்ததை விரைவிலும் வீச்சிலும் ஈட்டுகின்றோம். கல்லெறிதலும் களையெடுத்தலும் எழுதுதலும் இவ்வீட்டத்தால் அமைவனவே.

3. பிடரியும் முதுகும்

தலையின் ஈர்ப்பு மையம், அது முதுகெலும்பின் உச்சியிற் பொருந்தும் மூட்டிற்குச் சற்று முன்னே அமைந்துள்ளது. அதனாற் பிடரித்தசை தலையைப் பின்னிழுத்து நிறுத்த வேண்டியுள்ளது. அமர்ந்தவாறே உறங்குவார் தலை முன்சாய்வதும், நெடுநேரம் நூலின்மேற் குனிந்திருப்பார்க்குப் பிடரி நோவதும் இதனாலேயாம்.

முதுகின்கண் இந்நெறி மேலும் கடுமையாக வெளிப்படுகின்றது. முதுகை நிமிர்த்தும் தசைகள், இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட வட்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. பின்னே உள்ளன. 20 கிலோகிராம் பளுவை அவ்வட்டிலிருந்து 50 செ.மீ. முன்னே நீட்டிப் பிடித்தால், அதன்பொருட்டு மட்டும் அத்தசைகள் 200 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையைச் செலுத்த வேண்டும். அதே பளுவை 25 செ.மீ. தொலைவிற்குக் கொணர்ந்தால் அவ்விசை 100 ஆகக் குறையும். குனிந்த உடலின் எடை இவற்றோடு தனியே சேரும். தசையின் இழுப்பு முழுதும் வட்டினை அழுத்துகின்றது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. முழங்காலை மடக்கித் தூக்குக என்னும் அறிவுரையும் பளு உடலையொட்டி வருமிடத்தே பயன் தரும். மடங்கிய முழங்காலுக்கு அப்பால் பளு நிற்குமாயின் அதனாற் பயன் சிறிதே.

தலைச்சுமையில் பளு முதுகெலும்பிற்கு நேர்மேலே அமைதலின் திருப்புத்திறன் மிகச் சிறிது. ஆயினும் கழுத்தெலும்புகள் பளு முழுவதையும் ஏற்றேயாகவேண்டும். குடத்தை ஒருபக்க இடுப்பில் வைப்பவர் மறுபக்கம் சாய்கின்றார். உடலும் குடமும் சேர்ந்த ஈர்ப்பு மையம் பாதங்களின் எல்லைக்குள் விழவேண்டும் என்னும் சமநிலை நெறி அச்சாய்வில் விளங்குகின்றது.

4. முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனின், பொருளின் எடை வேறு, அப்பொருளால் உடல் ஏற்கும் விசை வேறு என்பதாம். முன்னதைப் பளு எனவும் பின்னதைச் சுமை எனவும் வரையறுத்து வழங்குதல் தகும் என யாம் கருதுகின்றோம். இது சொல்லளவில் நின்றுவிடும் செய்தி அன்று. 1967 இல் பன்னாட்டுத் தொழில் அமைப்பு, வயது வந்த ஆடவர் ஒருவர் தூக்கிச் செல்லும் எடை 55 கிலோகிராமினும் மிகுதியாக இருப்பின் அதனை அவ்வளவிற்குக் குறைத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை வரையறுத்தது பளுவை. மூட்டை தூக்குவாரின் முதுகு தாங்குவதோ சுமையை. மூட்டையை வண்டியிலிருந்து எவ்வளவு தொலைவு எட்டி எடுக்கின்றார், எத்துணை முறை குனிகின்றார் என்பவற்றையும் நோக்கினாலன்றி அவர் ஏற்கும் சுமை புலனாகாது. இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்தும் சொற்கள் பாடநூலிலும் பணியிடத்திலும் வழங்குமாயின், உழைப்பார்க்குத் தமிழ் செய்யும் சிறு தொண்டாக அஃது அமையும்.