பாரிஸுக்குக் கும்பகோணம் வழியாகவும் போகலாம்!

ஃபேஷன் டிசைனிங் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே ஆசையைத்தான் சொல்வார்கள்... ஒரு முறையாவது பாரிஸ் ஃபேஷன் வீக்கைப் பார்த்துவிட வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறையிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைகளும் இதற்கு விதிவிலக்கல்ல.

அப்படி என்னதான் நடக்கிறது அங்கே?

நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் என நான்கு நகரங்களில், பிப்ரவரி-மார்ச்சில் ஒரு முறையும் செப்டம்பர்-அக்டோபரில் ஒரு முறையும் இந்த வாரங்கள் வரும். ஆறு மாதம் கழித்துக் கடைக்கு வரப்போகும் உடைகளை அங்கே முன்கூட்டியே காட்டுவார்கள். சினிமாபோல டிக்கெட் எடுத்துப் போய்விட முடியாது. கடை முதலாளிகள், பத்திரிகையாளர்கள், பிரபலங்களுக்குத்தான் அழைப்பு.

மாணவர்கள் பலரும் உள்ளே போவது மேடையின் பின்பக்கமாக, ‘டிரஸ்ஸர்’ வேலைக்கு. மாடல் ராம்ப்பிலிருந்து திரும்பியதும் போட்டிருப்பதைக் கழற்றி, அடுத்த உடையை மாட்டி, பட்டன், செருப்பு எல்லாம் சரிபார்த்து அனுப்ப வேண்டும். பல மாத உழைப்பு மேடையில் பத்து, பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும்.

அந்தச் சில நிமிடங்களில் உலகம் திரும்பிப் பார்க்க வேண்டுமானால், வேறு யாரிடமும் இல்லாத ஒன்று நம் கையில் இருக்க வேண்டும்.

கைத்தறி காட்டிய வழி

கான்பூர் அருகே கிராமத்தில் பிறந்து, அகமதாபாத் என்.ஐ.டி.யில் படித்தவர் ராகுல் மிஸ்ரா. 2006-ல் மும்பை லக்மே ஃபேஷன் வீக்கில் அவர் அறிமுகமானது கேரளக் கைத்தறித் துணியோடுதான். 2014-ல் மிலனில் சர்வதேச வுல்மார்க் பரிசை வென்ற முதல் இந்தியர் ஆனார். 2020 ஜனவரியில் பாரிஸின் ‘ஹோட் கூட்யூர்’ வாரத்தில் இடம்பெற்ற முதல் இந்திய டிசைனரும் அவரே. கைவினைஞர்கள் ஊரைவிட்டு நகரத்துக்கு வராமல், சொந்தக் கிராமத்திலேயே வேலை செய்ய வேண்டும் என்பது அவர் தொடர்ந்து சொல்லிவரும் விஷயம்.

நம் சென்னையிலிருந்து போன கௌஷிக் வேலேந்திராவும் லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்து, லண்டன் ஃபேஷன் வீக்கில் ஆண்களுக்கான உடைகளைக் காட்டியவர்.

நம் ஊர்ப் பொக்கிஷம்

டெல்டாவுக்கும் இதில் சொல்லிக்கொள்ளப் பெரிய கதை உண்டு. கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது கோடாலிக் கருப்பூர். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக இங்கே ஒரு சேலை உருவானது. பருத்தியில் ஜரிகைப் பூக்களைச் சேர்த்து நெய்து, அதன்மேல் மெழுகால் வரைந்து சாயம் தோய்ப்பார்கள். கறுப்பும் சிவப்புமான சாயத்துக்கு நடுவே பொன் மின்னும். நெசவு, ஓவியம், சாயம் என மூன்று கலைகள் ஒரே சேலையில்!

1855-ல் தஞ்சை அரசர் பரம்பரை முடிவுக்கு வந்தது. வாங்க ஆளில்லாமல் சேலையும் மறைந்தது. இன்று அதைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் கலை முழுசாக அழியவில்லை. கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி ஓவியர்கள் இன்றும் கோயில் தொம்பையும் விதானமும் வரைகிறார்கள். கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசிறி மடிப்புக்குப் பேர்போன திருபுவனம் பட்டுக்கு அதற்கு முன்பே, 2019-ல் கிடைத்துவிட்டது.

குறியீடு கிடைத்தால் மட்டும் அடுப்பு எரிந்துவிடாது. தறிக்காரர் பிள்ளையே தறியில் உட்காரத் தயங்கும் காலம் இது. புதிய வடிவமும் புதிய வாடிக்கையாளரும் வந்தால்தான் அடுத்த தலைமுறை இந்தத் தொழிலில் நிற்கும். அந்தப் பாலத்தைப் போடக்கூடியவர்கள் ஃபேஷன் மாணவர்கள்தான்.

சென்னை நிஃப்ட் போன்ற கல்லூரிகளில் கைவினைக் கிராமங்களுக்குப் போய்க் கற்றுக்கொள்வதும் படிப்பின் ஒரு பகுதி. அந்த வாய்ப்பை மதிப்பெண்ணுக்காக மட்டும் முடித்துவிடாதீர்கள். தறிக்குழியில் கால் வைத்துப் பாருங்கள். ஒரு சேலைக்கு எத்தனை நாள், கூலி எவ்வளவு என்று கேளுங்கள். நாளைக்கு உங்கள் உடை ராம்ப் ஏறும்போது, செய்த கைகளுக்கு நியாயமான கூலி கொடுங்கள். அந்த ஊரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாரிஸ் போக விசா வேண்டும். திருபுவனத்துக்குக் கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸே போதும். முதல் பயணம் அங்கே இருக்கட்டுமே!