ஆட்டிசமும் ஹோமியோபதியும்: பலனை அளப்பது எப்படி?

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, நடத்தைப் பயிற்சி ஆகியவையே இன்றைய வழக்கமான சிகிச்சை. இவற்றோடு ஹோமியோபதி உருண்டைகளும் கொடுக்கும் பெற்றோர் உண்டு. அதனால் கூடுதல் பலன் கிடைக்கிறதா என்பதே ஆய்வாளர்கள் முன்னுள்ள கேள்வி.

இந்திய ஹோமியோபதி ஆராய்ச்சி இதழில் 2014இல் மும்பை ஆய்வு ஒன்று வெளியானது. அதில் 60 குழந்தைகள் இடம்பெற்றனர். முதல் ஆறு மாதம் கவனிப்பு மட்டும். பிறகு ஹோமியோபதி மருந்து. மருந்து தந்த காலத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லை. குழந்தை வளர வளரத் தானாக வரும் மாற்றத்தையும், பயிற்சியின் பலனையும், பெற்றோரின் நம்பிக்கையையும் மருந்தின் பலனிலிருந்து இத்தகைய ஆய்வால் பிரிக்க முடியாது.

நம்பிக்கையின் வலிமையை, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் செக்ரெட்டின் என்ற ஹார்மோன் ஊசி போட்டுப் பார்த்து, அமெரிக்காவில் 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து ஊசி போட்ட குழந்தைகளைப் போலவே வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களும் முன்னேறினர். முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த மருந்தில் ஆர்வம் காட்டினர்.

ஆகவே நல்ல ஆய்வில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு பயிற்சி தொடர வேண்டும். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்து உருண்டை, மீதிப் பேருக்கு அதே தோற்றமுள்ள வெறும் சர்க்கரை உருண்டை. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியக் கூடாது. முன்னேற்றத்தை அளக்க, ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்தியாவின் ‘ஐசா’ அளவுகோல் இருக்கிறது; அதில் 40 கூறுகள் உள்ளன. மதிப்பெண் 70க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை, 153க்கு மேல் என்றால் தீவிரம். திருப்பதி மாவட்டத்து நாகலாபுரம் போலத் தெலுங்கும் தமிழும் புழங்கும் ஊர்களில், குழந்தை வீட்டில் பேசும் மொழியில் மதிப்பிட்டால்தான் அந்த மதிப்பெண்ணை நம்பலாம்.

உருண்டையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. ஹோமியோபதியில் ‘30 சி’ என்ற வீரியம், நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்க்கச் செய்தது. கணக்குப்படி, அதில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்ச வாய்ப்பில்லை. ஆஸ்திரேலிய தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015இல் சான்றுகளை ஆராய்ந்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலனளிப்பதாக நம்பத்தக்க ஆதாரமில்லை என்றது.

உருண்டை கொடுப்பதாக இருந்தால் குழந்தைநல மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதை நம்பிப் பயிற்சியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சின்ன வயதில் தவறவிட்ட மாதங்களை ஈடுகட்டுவது கடினம்.